நோட்டீஸ் ஒட்டின வீடு

நோட்டீஸ் ஒட்டுகிறவருக்கு நகராட்சியில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். "அனுமதியின்றிக் கட்டப்பட்ட கட்டடம். குடியிருப்பது ஆபத்து. உடனே காலி செய்க" என்று அச்சடித்த தாளை எத்தனை சுவரில் ஒட்டினார் என்று அவருக்கே தெரியாது. அதைப் படித்துவிட்டுக் காலி செய்தவர்கள் எத்தனை பேர் என்றால் சட்டென்று சொல்லிவிடுவார். ஒருத்தரும் இல்லை.

புறநகர் கண்மண் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தது. திட்ட வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடமெல்லாம் மனையாகிவிட்டது. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கினவன் கூசாமல் ஐந்து மாடி எழுப்பினான். ஆபீஸ் சும்மா இருக்குமா? நோட்டீஸ் ஒட்டியது! தாளை ஒட்டி, போட்டோ எடுத்து, குடியிருப்பவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஒட்டினவர் படியிறங்குவதற்குள் வீட்டுக்காரன் கிழித்துப் போட்டுவிடுவான். கிழித்தால் என்ன, கோப்பில்தான் போட்டோ இருக்கிறதே.

அவருடைய மகளும் பஸ் கண்டக்டர் மாப்பிள்ளையும் ஒற்றை அறையில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஓர் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு ஒட்டப் போனபோது, நான்காம் மாடியில் காலி வீடு ஒன்று அவர் கண்ணில் பட்டது. இரண்டு அறை, காற்று பிய்த்துக்கொண்டு போனது. நோட்டீஸ் ஒட்டின வீடென்றால் வாடகை பாதிதான். அந்த ரகசியம் அவரைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்.

"சுவர்ல வெடிப்பு இருக்கேப்பா," என்றாள் மகள்.

"அது வெறும் பூச்சு வெடிப்பும்மா. நான் பாக்காத வெடிப்பா?"

அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. குடி வந்துவிட்டாள்.

அடுத்த வருடம் அதே கட்டடத்துக்கு மறுபடி நோட்டீஸ். மகள் வீட்டுக் கதவில் அவரே ஒட்டினார்.

"ஒரு கையெழுத்துப் போடும்மா. சும்மா, ஆபீஸுக்கு."

"பெத்த பொண்ணையே காலி பண்ணச் சொல்றீங்களாப்பா?" என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். டீயும் கொடுத்தாள்.

ஏழே மாதம். பட்டப்பகலில், வீட்டுக்காரன் ஆறாவது மாடிக்குக் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தபோது கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை டியூட்டியில் இருந்தார். அவள் வீட்டில் இருந்தாள். இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள்.

விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முறைப்படி எச்சரித்தாகிவிட்டது, தெரிந்தேதான் குடியிருந்தார்கள் என்று எழுதி மூடினார்கள். அதிகாரிகள் மேல் ஒரு தூசு படவில்லை. மேலதிகாரி அவர் தோளைத் தட்டி, "நல்லவேளை, பேப்பரெல்லாம் கரெக்டா வச்சிருந்தீங்க," என்றார். மகளைப் பறிகொடுத்தவனிடம் சொல்கிற பேச்சா இது? நாக்கு எப்படித்தான் புரண்டதோ பாவிக்கு!

வெளியே வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"கதவுல ஒட்டுனீங்களே மாமா, அதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் மாப்ள."

"ஆபத்துன்னு போட்டிருந்துச்சே. அப்புறம் ஏன் அவளை அங்க விட்டீங்க?"

அவர் கைகளைப் பிசைந்தார். "அதை யாரும் நம்புறதில்ல மாப்ள. எங்க ஆபீஸ்லயே யாரும் நம்புறதில்ல. ஒட்டி ஒட்டி, நானும் நம்பாம போயிட்டேன்."

மாப்பிள்ளை தெருவில் இறங்கி நடந்தார். அதற்குப் பிறகு அவரை மாமா என்று கூப்பிடவே இல்லை.