ஜெபத்துக்கு நடுவில் ஒரு காலிஃபிளவர்

விலை கூடிய இயர்போன்களை வாங்க வக்கில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இணையத்தில் என்னைப் போன்ற காதுப் பைத்தியங்கள் கூடும் குழு ஒன்று உண்டு. கடைக்காரர் யாராவது புதிதாக வந்த ஒரு ஜோடியைக் குழுவுக்கு இரவல் தருவார். அது கூரியரில் ஊர் ஊராகப் போகும். யார் கைக்கு வருகிறதோ அவர்கள் சில நாள் வைத்துக் கேட்டு, சத்தம் எப்படி என்று எழுதிவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அப்படித்தான் அந்த ஜோடி குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் ஆபீஸ் வேலை.

பெட்டியைத் திறந்தபோது அவர் எட்டிப் பார்த்தார். புளியங்கொட்டை அளவில் இரண்டு, மயில் கழுத்து நிறத்தில் மின்னின.

"இதுக்குள்ள என்ன இருக்குது?"

"ஒவ்வொண்ணுலயும் குட்டிக் குட்டியா பல ஸ்பீக்கருங்க."

"எங்க ஃபேக்டரியில டீ ருசி பாக்கறவரு உறிஞ்சிட்டுத் துப்பிருவாரு. அஞ்சு நிமிசத்துல வேலை முடிஞ்சிரும். நீ நாள் முழுக்கக் கண்ணை மூடி உக்காந்திருக்கே."

உட்காரத்தான் வேண்டும். முதலில் காதுத் துளைக்குப் பொருந்தும் ரப்பர் மூடியைத் தேட வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் பேஸ் என்கிற கீழ்ச்சத்தமெல்லாம் ஒழுகிப் போய்விடும். மேட்டுப்பாளையம் போய்த் திரும்பிய நாளாக இருந்தால் எதையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மலையேறிய காது மறுநாள்தான் முழுசாகத் திறக்கும். பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை நம் பழைய இயர்போனில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை, ஒரே அளவு சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும்.

எந்தப் பாட்டு என்பதில்தான் எனக்குச் சிக்கல். குழுவில் எல்லோரும் வைத்துப் பார்ப்பது எங்கோ ஒரு ஸ்டூடியோவில் பதிவான பாட்டுகள். அங்கே வயலின்காரர் இடது பக்கம் நின்றாரா வலது பக்கம் நின்றாரா என்று யார் கண்டது? நான் எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகை ஆராதனையை எடுத்தேன். பாட்டுக் குழுவான கொயருக்கு முன்னால் சின்ன ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தது நான்தான். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் நின்று பாடியதும் நான்தான். யார் எங்கே நின்றார்கள் என்று எனக்கு அத்துப்படி. இயர்போன் அதைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடலாம்.

காட்டியது. அளவுக்கு மீறிக் காட்டியது. ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் யாரோ மிட்டாய்க் காகிதம் பிரிப்பது கேட்டது. பெண்களின் உச்சக்குரலான சொப்ரானோ பாடும் அக்கா மூச்சு இழுப்பது என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. பாட்டு முடிந்து போதகர் நீண்ட ஜெபத்தைத் தொடங்கினார். மழைக்காகவும் விளைச்சலுக்காகவும் அவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது, வலது பக்கம் சற்றுப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"அந்தப் பெரிய காலிஃபிளவரை ஏலத்துக்கு விட்றாதீங்க. நம்மளுக்கு எடுத்து வெச்சிருங்க."

அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்குக் காய்கறி கொண்டுவந்து சர்ச்சுக்குப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். சோலூர்த் தோட்டத்திலிருந்து வந்த அந்தக் காலிஃபிளவர் எனக்கும் நினைவிருந்தது. ஒரு கைக்குழந்தை அளவு இருக்கும்.

மறுபடி கேட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன். வலது பக்கம் பின்னால், குரலில் லேசான கரகரப்பு. அங்கே நின்றது எங்கள் கொயர் மாஸ்டர். பிராக்டிஸில் யாராவது இருமினால்கூட முறைப்பவர். ஆராதனையில் பேசுகிறவர்களுக்குப் பரலோகத்தில் கடைசி பெஞ்சுதான் என்று சொல்பவர்.

கணவரைக் கூப்பிட்டு, மாஸ்டர் குரல்தானே என்று கேட்டு அவர் காதில் செருகினேன். அவரும் கொயரில் ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் பாடுகிறவர். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "மாஸ்டர் இல்ல. இது அந்த டெனர்காரரு."

அவருக்கும் டெனர்காரருக்கும் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு தகராறு உண்டு. அதனால் அந்தத் தீர்ப்பை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பிராக்டிஸுக்கு இயர்போனையும் கொஞ்சம் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆராய்ச்சிக்குக் காதுகள் வேண்டும் அல்லவா. மாஸ்டர் வருவதற்குள் வரிசையாக எல்லோருக்கும் கேட்கக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் நடுவே துடைத்தேன். ஒரே இயர்போன், ஒரே பதிவு. சொப்ரானோ அக்கா அது உறுதியாகப் பேஸ் வரிசைதான் என்றார். டெனர்காரர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். கீபோர்டு வாசிப்பவர் அது போதகரின் வீட்டம்மா என்றார். ஆண் குரல்தானே என்று கேட்டேன். ஜலதோஷம் பிடித்திருக்கும் என்றார். யாருக்கு யாரைப் பிடிக்காது என்று ஒரே மாலையில் தெரிந்துகொண்டேன். இயர்போனைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை.

மாஸ்டர் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"என்ன டீச்சர், கூட்டம்?"

அவர் கையை நீட்டினார். நான் துடைத்துக் கொடுத்தேன். அவர் செருகிக்கொண்டு கண்ணை மூடினார். பாட்டு முழுக்க ஓடியது. ஜெபம் ஓடியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆமென் வரைக்கும் கேட்டுவிட்டுக் கழற்றினார்.

"ரெண்டாவது சரணத்துல ஆல்ட்டோ அரை சுரம் எறங்கிருச்சு. நீங்கதான் டீச்சர், பக்கத்துல இருக்கறவங்களையும் இழுத்துட்டுப் போயிருக்கீங்க."

"சரிங்க சார்."

"அந்தக் காலிஃபிளவர் கேட்டது நான்தான்." குரலில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. "கெடைக்கலை. ஏலத்துல வேற ஒருத்தங்க தட்டிட்டுப் போயிட்டாங்க."

எல்லோரும் சொப்ரானோ அக்காவைப் பார்த்தோம். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "நல்லா இருந்துச்சுங்க சார். குருமா வெச்சேன்."

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாஸ்டர் இயர்போனைத் திருப்பித் தரவில்லை. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்று அதை ஜிப் பையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அடுத்த பிராக்டிஸில் அவர் ஒவ்வொருவராக நிறுத்தித் தீர்ப்பு வாசித்தார். யார் மெய்யெழுத்தை முழுங்குகிறார்கள், யார் அடுத்தவர் பாடுவதைக் கேட்டுவிட்டு அரை நொடி பிந்திப் பாடுகிறார்கள், எல்லாம் வந்தது. டெனர்காரர் மிட்டாயை நிறுத்தினார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அந்தச் சனியனை மொதல்ல ஊரைவிட்டு அனுப்புங்க" என்றார்.

சேலத்தில் அடுத்து வாங்க வேண்டியவரும் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். குழுவில் ஒரு விதி இருக்கிறது, காதில் வைத்துக் கேட்ட ஒவ்வொருவரும் எழுதித் தந்தால்தான் அடுத்தவருக்குப் போகும், நீங்களும் எழுத வேண்டும் என்றேன். அப்படி ஒரு விதியை வழியில்தான் தயார் செய்தேன். எழுத வேண்டும் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னென்ன சொல்லணும்?"

"பேஸ் எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

"மூணு பேரு நிக்கிறாங்க. ரெண்டு பேரு பாடறாங்க. உங்க வீட்டுக்காரரு வாயை மட்டும் அசைக்கிறாரு."

அவர் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக் குழுவில் போட்டேன். கடைசி வரி இப்படி இருந்தது: "இக்கருவி உண்மையே பேசுகிறது. ஆகையால் பாடகர் குழுவை நேசிக்கிறவர்கள் இதை வாங்காதிருப்பார்களாக." நான் பாடுபட்டு எழுதிய நீளமான கட்டுரையை யாரும் சீண்டவில்லை. அவருடையதைப் பெங்களூர், சென்னை, துபாய் என்று பலரும் படித்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பதிவை அனுப்ப முடியுமா?

கணவர் மட்டும் அன்று இரவுச் சாப்பாட்டில் என்னோடு பேசவில்லை. காலையில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு" என்றார்.

இயர்போன் சேலம் போய்ச் சேர்ந்தது. மாஸ்டரிடம் கேட்டுவிட்டுப் பதிவையும் அனுப்பினேன். இப்போது நான் பார்த்தேயிராத ஆட்கள் எங்கள் அறுப்பின் பண்டிகையை வைத்து இயர்போன்களைச் சோதிக்கிறார்கள். சென்னைக்காரர் ஒருவர், அந்த இடத்தின் கூரைகூடக் கண்ணுக்குத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மாஸ்டரிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"என்ன கூரைன்னு கேளுங்க."

அங்கேயே நின்று கேட்டேன். உடனே பதில் வந்தது. கான்கிரீட் என்றார்.

எங்கள் சர்ச்சுக்கு மேலே தகரம், உள்ளே மரப்பலகை. மாஸ்டர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு திருப்தியாகக் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.