ஆலாத்தி எடுக்கக் கூடாதவள்

என் மகள் ஜெர்மனியில், ஹனோவர் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தாள். முதுகலை ஆய்வுக்கு அவள் எடுத்தது, வெள்ளைக்காரன் போன பிறகு ஆப்பிரிக்கப் பெண்கள் எழுதிய நாவல்கள். வீட்டிலும் ஊரிலும் நடக்கும் ஆண் அதிகாரத்தை அந்தக் கதைப் பெண்கள் எப்படி எதிர்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து வந்து நான் காலை நீட்டியதும், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள்.

ஒரு நாவலில், புருஷன் செத்த பெண்ணை அவன் வீட்டுப் பெண்களே வெறுந்தரையில் இருத்தி, தலையை மழித்து, கொழுந்தனுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். அவள் எழும்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பட்டப்பகலில் நடந்து போய்விடுகிறாள்.

"பாருங்கோ அம்மா, பொம்பிளையளே பொம்பிளைக்குச் செய்யிறதை!" என்ற மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அவளுடைய அப்பா இறந்தபோது அவள் சின்னப் பிள்ளை. தனியாக நான் பட்ட பாடு இவளுக்கு விளங்குகிறது என்று மனம் குளிர்ந்து போனேன்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் சரிவந்தது. அவளே விரும்பிய யாழ்ப்பாணத்துப் பையன். மணமக்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்று, திரி ஏற்றிய தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுப்பது எங்கள் வழக்கம். ஒருவர் மாப்பிள்ளையின் தாய். மற்றது நான்தானே! அதற்கு எந்தச் சேலை கட்டலாம் என்று மகளிடம் கேட்டேன்.

அவள் கைபேசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அம்மா, வாழைப்பழம் வெட்டி, திரி வைச்சு, தட்டை நீங்கள் ஆயத்தப்படுத்தித் தாங்கோ. தூக்கிறது சின்னம்மா தூக்கட்டும்."

புருஷனை இழந்தவள் தூக்கக் கூடாதாம்! சம்பந்தி வீட்டார் சொல்லியிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சொன்னது என் வயிற்றில் பிறந்தது. அதுவும் அத்தனை நாவலையும் கரைத்துக் குடித்தது!

"மாமி அப்பிடிக் கேட்டவவோ?"

"இல்லை. நானாத்தான் யோசிச்சன். ஒரு நாள்தானே அம்மா."

யாரும் கேட்கவேயில்லை!

"அந்தக் கதைப் பொம்பிளைக்காக அழுதியே பிள்ளை, அவளை உன்ர கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் எங்கை இருத்துவாய்?"

அவள் கைபேசிக்குள் குனிந்தாள். "தட்டை நான்தான் தூக்குவன். ஏலாதெண்டால் இப்பவே சொல்லு, நான் மண்டபத்துக்கு வரேல்லை" என்றேன். நிமிர்ந்து பார்க்காமலே, "சரி" என்றாள்.

கல்யாணத்தன்று அரக்குச் சேலையில் தட்டோடு மேடை ஏறினேன். என்ன சொல்வார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய் சிரித்துக்கொண்டே, "அக்கா, நீங்கள் இந்தப் பக்கம் நில்லுங்கோ" என்று இடம்விட்டார். மண்டபத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

நான் தட்டைச் சுற்றும்போது மகள் என்னைப் பார்க்கவில்லை. பயந்த கண்களோடு மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னால் அவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று.