மலையில் கடை தேடிய அத்தான்

போர்நிறுத்தம் இருந்த சமாதானக் காலத்தில், பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்து இலங்கை போயிருந்தபோது நடந்தது இது. அக்காவின் கணவர், பீலெஃபெல்ட் நகரில் இருக்கும் என் அத்தான், சிவனொளிபாதமலைக்கு ஒருநாள் பயணம் ஒழுங்கு செய்தார். ஞாயிறு தவறாமல் ஜெர்மன்காரரோடு காடு சுற்றுகிறவர் என்பதால், மலையெல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்ற நினைப்பு அவருக்கு.

நான் தண்ணீர்ப் போத்தல்களை எடுக்க, நாங்கள் வந்த வான் வண்டியிலேயே விட்டுவரச் சொன்னார். "ஏன் பிள்ளை பாரம்? வழி முழுக்கத் தேத்தண்ணிக் கடை இருக்கும். எனக்குத் தெரியாத மலையே?" தான் மட்டும் வீடியோ கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

யாத்திரைக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. உச்சிக்குக் கிட்ட என் எட்டு வயது மகள் மயங்கி விழுந்தாள். "இப்ப என்ன செய்யிறது?" என்று அத்தான் என்னைக் கேட்டார். என்னை!

இறங்கி வந்த ஒரு ஜெர்மன் தம்பதிதான் தண்ணீரும் குளுக்கோசும் கொடுத்து அவளை எழுப்பினார்கள். "உங்கள் நாடுதானே, இந்த மாதத்தில் கடை பூட்டு என்று தெரியாதா?" என்று அந்த அம்மா டொச்சில், அவர்களின் ஜெர்மன் மொழியில், கேட்டார். அவ்வளவு அளந்த வாய் திறக்கவில்லை.

பீலெஃபெல்ட் திரும்பியதும் திறந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வீடியோவைப் போட்டு, "அந்த வெள்ளைச் சனத்துக்கு வழி காட்டினதே நான்தான்" என்கிறார்.

இப்போதெல்லாம் அவர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் மகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகிறேன். வீடியோ தொடங்கியதும் அவள் எழுந்து, அத்தானுக்கு முன்னால் நின்று மடமடவென்று குடிப்பாள். நான் தடுப்பதில்லை.