பதிவு எண் இல்லாத காலம்

கண்டியில் எசல பெரஹெரா திருவிழா முடிந்த வாரம், செல்வமணியின் சட்டத்தரணி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார்: "அவங்க சொன்னதெல்லாம் நீங்க நல்லாத்தான் கேட்டிருக்கீங்க மிஸ். ஆனா கோட்டுல ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேப்பாங்க. ஒங்கட கையெழுத்துக்கு அங்க தேத்தண்ணிக் கட பில்லுட மதிப்புத்தான்."

பேராதனைப் பக்கத்தில் ஓர் ஆலோசனை நிலையத்தில் அப்போது வேலை செய்தேன். உளவியலில் பட்டம் இருந்தது. சிகிச்சை உளவியலாளராகப் பதிவு பெற அது போதாது. முதுநிலைப் பட்டமும், மேற்பார்வையின்கீழ் வைத்தியசாலைப் பயிற்சியும் வேண்டும்.

செல்வமணி ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அவருக்குப் புத்தி சரியில்லை என்று வழக்குப் போட்டு, ஆறு வயது மகளைக் கணவர் வீட்டார் வைத்திருந்தார்கள். மூன்று மாதமாகச் செவ்வாய்தோறும் பஸ் ஏறி வந்து என்னிடம் பேசினார். மதிப்பீட்டு அறிக்கையை எழுதத் தகுதி பெற்றவரோ கண்டி நகரில் இருந்த ஒரு சிங்கள மேடம். நான் மொழிபெயர்ப்பாளராகப் போய்ப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

மகளைப் பிரிந்தபின் நித்திரை எப்படி என்று மேடம் கேட்டார். செல்வமணி என்னைப் பார்த்தார்.

"அதான் ஒங்களுக்குத் தெரியுமே அக்கா. நீங்களே சொல்லிருங்க."

"நீங்க இப்ப சொல்றத மட்டும்தான் நான் சொல்லலாம்."

"அப்ப மூணு மாசமா யாருகிட்டப் பேசுனேன், செவத்துகிட்டயா?"

அதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். மேடம் பேனாவை வைத்துவிட்டு, அவசரமில்லை, முதலில் தேநீர் குடிக்கட்டும் என்றார்.

பிறகு செல்வமணி எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொன்னார். என்னிடம் அழுத இடங்களில் அன்று அழவில்லை. கடைசியில், "ஸ்கூலுக்குப் போற நேரம் வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. புள்ளைக்குத் தல பின்னணும்னு தேடுது" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. செல்வமணியின் விரல்கள் காற்றில் பின்னிக்கொண்டிருந்தன.

நோய் எதுவுமில்லை, பிரிவின் துயரம் என்று மேடம் எழுதினார். பிள்ளை தாயிடம் வந்தாள். அதன்பின் செல்வமணி என்னிடம் வரவில்லை, வரத் தேவையுமில்லை. ஆனாலும் வெகுகாலம் செவ்வாய்க் காலையில் வேறு யாருக்கும் நேரம் கொடுக்காமல் இருந்தேன். ஹுன்னஸ்கிரிய பஸ் வரும் சத்தம் கேட்டால் இன்றும் வாசலைப் பார்க்கிறேன்.

அடுத்த ஆண்டே முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். இப்போது பதிவுக்குப் படிப்பவர்கள் பயிற்சிக்காலம் நீளம் என்று என்னிடம் அலுத்துக்கொள்கிறார்கள். விதி சரியானதே, ஒரு தாயின் புத்தியைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதிவிடக் கூடாது. ஆனால் தமிழில் கேட்கத் தெரிந்தவர் அந்தப் பதிவைப் பெறாமல் நின்றுவிட்டால், எதிரே இருப்பவர் தன் துயரத்தை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.