போட்டியைப் பார்க்காத அன்சாரி பாய்

செய்தி வந்தபோது விழுப்புரத்தில் என் கடையில் ஒருவருக்குக் காபித்தூள் அரைத்துக்கொண்டிருந்தேன். "அன்சாரி பாய் போய்ட்டாருங்க. காலையில நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு," என்றார் போனில் அவருடைய மைத்துனர். சரிங்க என்றேன். தூளை எடை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, "வேற என்ன வேணும்?" என்று வாடிக்கையாளரைக் கேட்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்வரை வரவில்லை.

பாயைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோட்டக்குப்பத்துக்காரர். துபாய் ஓட்டலில் பல வருடம் காபி போட்டுவிட்டுத் திரும்பிவந்து திண்டிவனத்தில் கடை வைத்தவர். திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊர்க் காபி மாஸ்டர்களுக்கும் போட்டி நடத்த வேண்டும் என்று என்னையும் இழுத்துவிட்டவர். மண்டப வாடகை, புதுச்சேரியிலிருந்து வாடகைக்கு வரும் எஸ்பிரெசோ மெஷின், அதை ஏற்றி இறக்க வண்டி, பழகிப் பார்த்துக் கொட்டும் பால் என்று செலவு இழுத்துக்கொண்டே போனது. உதவி கேட்டுப் போன இடத்தில் பேனர் மட்டும் கொடுத்தார்கள். "யானையைக் கட்டித் தீனி போடற கதை பாய் இது," என்றேன். "பேஜார் பண்ணாதீங்க. பாலைக் கொட்டினாத்தான் கை வரும்," என்றார்.

முதல் வருடம் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரை விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள் முதலாளிகள். ஜெயிக்கிற மாஸ்டரைப் பெரிய ஊர்க்காரன் கொத்திக்கொண்டு போவான் என்ற பயம் வேறு. நடுவர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாய்க்கு வரவில்லை. "அவங்களுக்கு மனசு இருக்குங்க, வழிதான் இல்ல," என்றார்.

அடுத்த வருடம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் காபி போடும் செல்வியை முதலாளி விடவில்லை. போட்டியன்று காலையில் பாயே அங்கே போய் நின்றார். "நீ போம்மா, கடையை நான் பாத்துக்கறேன்," என்று அவளை அனுப்பிவைத்தார். துபாய்ப் பழக்கம் விடுமா? காபியில் சர்க்கரை போடாமல் தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார். முகையூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாய்யா இது, கசாயமா?" என்று கத்தினாராம். பாயே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று செல்விக்குத்தான் முதல் பரிசு. பாய் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். "எல்லாரும் வந்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அதன்பின் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவருக்குப் பதிலாக எங்கோ ஒரு பாய்லர் முன்னால் நின்றார். முதல் வருடத்தோடு சரி, போட்டியைப் பார்க்கவே இல்லை. செல்வியின் பரிசுக் காபியையும் குடித்ததில்லை.

அவர் இறந்த அன்று கோட்டக்குப்பம் கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பேக்கரியில் செல்வி அழுதுகொண்டே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "ஓனர் விடமாட்டேன்றாருண்ணே. வேற ஆள் இல்லியாம். பாயை ஒருவாட்டி பாக்கணும்ணே," என்றாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். எங்களில் ஒருவர்தான் போக முடியும். "நீ போம்மா, கடையை நான் பாத்துக்கறேன்," என்று என் வாய் சொல்லிவிட்டது. சாயங்காலம்வரை காபி போட்டேன். யார் குடித்தார்கள், என்ன பேசினார்கள் என்று எதுவும் நினைவில்லை. சர்க்கரை மட்டும் மறக்காமல் போட்டேன்.

செல்வி திரும்பி வந்ததும், "எல்லாரும் வந்தாங்களா?" என்று கேட்டேன். "வந்தாங்கண்ணே. போட்டிக்குப் பேர் குடுத்துட்டு வராதவங்ககூட வந்து நின்னுக்கினு இருந்தாங்க."

பாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவருடைய அந்த ஒரு பேச்சைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருடமும் மண்டபம் பிடிக்கப்போகிறேன். மாஸ்டர்களே, பெயர் கொடுங்கள். முதலாளி விடவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் போங்கள், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.