மூன்றாம் மாடிச் சுபைறா

"சீனி ஒரு கரண்டியா, ரெண்டா?"

கேட்டுவிட்டுச் சுபைறா கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். எதிரே இருக்கும் விருந்தாளி சீனியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "குவைத்தில மாசம் எவ்வளவு தாறாங்க?" என்றுதான் கேட்டார். ஆனால் கரண்டி அந்தரத்தில் நிற்கும்போது எவருக்கும் சீனிக் கதைதான் வாயில் வரும். "ஒண்டு போதும்" என்கிறார் விருந்தாளி. சுபைறா ஒன்று போட்டுக் கலக்கி நீட்டுகிறார். சம்பளக் கதை அத்தோடு சரி.

இந்த வித்தையில் நானும் அகப்பட்டவள்தான். சாய்ந்தமருதில் அவருடைய வளவுக்கும் எங்களுடையதற்கும் நடுவே ஒரு கிடுகு வேலி மட்டுமே. அவர் லீவில் வந்த முதல் நாளே வேலியோரம் போய் நின்று, "ஹோட்டல்ல ஆம்பிளைகள்ற ரூமுக்கும் போறதா, சுபைறா?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் கேட்கிற கேள்வியா அது? கேட்டுவிட்டேன். "டீச்சர், உங்கட முருங்கையில மயிர்க்கொட்டிப் புழு புடிச்சிரிக்கே, பாக்கல்லியா?" என்றார் அவர். திரும்பிப் பார்த்தேன். பிடித்துத்தான் இருந்தது.

சுபைறாவின் புருஷன் மௌத்தாகி இரண்டு வருடம் போகவில்லை, எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வந்து வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கையில் இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். வீடே இல்லாத இடத்தில் இரண்டு வீட்டுக்கு எங்கே போவது? வீட்டு வேலைக்கென்று குவைத்துக்கு விமானம் ஏறினார். போன இடத்தில் முதலாளி அவரைத் தன் ஹோட்டலில் போட்டுவிட்டான். மூன்றாம் மாடி, பதினெட்டு அறைகள். கட்டில் விரிப்பது, துவாய் மாற்றுவது, கக்கூஸ் கழுவுவது. வாடிக்கையாளர் யாராவது மூன்று முறை குறை சொன்னால் ஊருக்கு ரிக்கற். இதுதான் சட்டம்.

"அரபு எனக்குத் தெரியுமெண்டு நெனச்சித்தான் போனன் டீச்சர்" என்று சிரிப்பார். "குர்ஆன் ஓதின ஆள்தானே. முதல் கிழமை ஒருத்தன் சவுக்காரம் இல்லையெண்டு நல்லா ஏசினான். அந்தப் பாசையில ஏச்சும் இரிக்கும் எண்டு எனக்கு எங்க தெரியும்? கையேந்தி ‘ஆமீன்’ எண்டன்." ஏசியவன் வாயடைத்துப் போனானாம்.

எல்லாரும் வாயடைத்துப் போகிறவர்களல்லர். கைதட்டிக் கூப்பிடுகிறவர்கள், விரலைச் சொடுக்குகிறவர்கள். அதையெல்லாம் அவர் கணக்கில் எடுப்பதில்லை. கேள்வி கேட்கிறவர்களைத்தான் அவருக்கு ஆகாது. பெயரென்ன, வயதென்ன, புருஷன் எப்படிச் செத்தான், திரும்பக் கட்டவில்லையா, பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த நீயெல்லாம் ஒரு தாயா? பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். சொல்லாவிட்டால் திமிர் என்று கீழே குறை போகும். அப்படிப் பிறந்ததுதான் அந்த வித்தை. "தலகணி ரெண்டு போதுமா, மூணு வேணுமா?" என்று கேட்பாராம். எந்த நாட்டுக்காரராயிருந்தாலும் தலையணை என்றதும் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரேயொரு தடவை தலையணை பலிக்கவில்லை. மோதிரத்தைக் காணவில்லையென்று ஒரு சீமாட்டி கீழே போன் பண்ணிவிட்டு, சுபைறாவின் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். கால்மணி நேரத்தில் மோதிரம் அவளுடைய கோட்டுக்குள்ளேயே கிடைத்தது. போகலாம் என்று கையை அசைத்தாள். சுபைறா போகவில்லை. "எனக்கிட்ட ஒண்டும் சொல்ல வேணாம். போனை எடுத்து, மோதிரம் கெடச்சிட்டு எண்டு கீழ சொல்லுங்க" என்று உடைந்த அரபியில் சொல்லிவிட்டு, தூசித் துணியும் கையுமாய் நின்றார். அவள் ஏசினாள், பிறகு தலைவாரினாள், பிறகு தேத்தண்ணி குடித்தாள். இருபது நிமிடம் கழித்துப் போனை எடுத்தாள். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் சுபைறா சிரிப்பதில்லை. எனக்கோ கேட்கும்போதெல்லாம் கை தட்டவேண்டும் போலிருக்கும்.

அப்படி நின்று நின்றுதான் மூத்தவள் நதீராவுக்குக் கல்வீடு எழும்பியது. ஓட்டுக் கூரை, நீலப் பெயின்ற் பூசிய ஜன்னல்கள். வீடு எழும்பியதும் சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை காலிதீன் கல்முனையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார், நல்ல பொடியன். நதீராவுக்கும் விருப்பம். வாயால் சொல்லமாட்டாள், அந்தப் பெயர் காதில் விழுந்தாலே முகம் சொல்லிவிடும்.

மாப்பிள்ளையின் உம்மா சல்மா உம்மாவும் வாப்பா அச்சிமுகம்மதுவும் போன வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. சுபைறாவின் பெட்டி கட்டியாகிவிட்டது, பதினெட்டாந் திகதி பயணம். அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதை, எனக்குத் தெரிந்தவரை, அதாவது முழுவதுமாக, சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை கிணற்றடியில் நதீரா கெஞ்சியது வேலிக்கு இப்பால் கேட்டது. "உம்மா, இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் குவைத்தில வீட்டு வேல எண்டு சொல்லுங்களன்."

பதிலுக்கு வாளி கிணற்றுக்குள் இறங்கும் சத்தம்தான் வந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது நான் முற்றத்தில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மறுபடியும் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். சுபைறா வீட்டில் எங்கள் பக்கம் பார்த்த ஜன்னலின் ஒரு கதவு திறந்திருந்தது. சல்மா உம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார், அலுமாரியைத் திறந்து பார்த்தார், திரையை விலக்கி, உள்ளறையில் மூலையோடு ஒதுங்கி நின்ற நதீராவையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"வீடு நல்லம், சுபைறா. ஒரு கதைதான் இரிக்கி. ஹோட்டல் எண்டு சனம் கதைக்கிது. ஆம்பிளைகள்ற ரூமுக்கெல்லாம் போறதாமே?"

நான் சீனியை எதிர்பார்த்தேன். தேத்தண்ணித் தட்டம் முன்னாலேயே இருந்தது. சுபைறா கரண்டியைத் தொடவில்லை.

"ஓம் ராத்தா, போறதான். அவங்க வெளிய போன மறுகா உள்ள போவன்."

கிணற்றடியில் கெஞ்சிய பிள்ளையை நினைத்து உள்ளறைத் திரையைப் பார்த்தேன்.

"அது சரி" என்றார் சல்மா உம்மா. "நடந்தது நடந்து போச்சி. நாங்க ஊருக்கு வீட்டு வேல எண்டே சொல்றம், நீங்களும் அப்பிடியே சொல்லுங்க. இனித் திரும்பிப் போகவும் வேணாம். அதுக்குச் சம்மதமெண்டா நாளைக்கே நாள் வைப்பம்." அச்சிமுகம்மது தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்.

"இளையவளுக்கும் வீடு வேணும் ராத்தா. போகத்தான் வேணும்" என்றார் சுபைறா. அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது. "மத்தது, நான் களவெடுக்கல்ல. கக்கூஸ் கழுவினன். நீங்க தட்டிப் பாத்த சுவரு அந்தக் கையால வந்த சுவருதான். உங்கட மகன் இதுக்குள்ளதானே வந்து இரிக்கப் போறார்? எங்கால வந்த வீடு எண்டு தெரிஞ்சி வரட்டும். பொய்யச் சொல்லி எண்ட புள்ளயக் குடுக்க எனக்கு ஏலா."

"மெதுவாக் கதைங்க கா!" சல்மா உம்மா பதறினார். "அந்த ஜன்னலச் சாத்துங்க முதல்ல. பக்கத்து வீட்டு டீச்சருக்குக் காது நீளமாம்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சுருக்கென்றது. ஆனாலும் இடத்தை விட்டு அசையவில்லை.

சுபைறா எழுந்து ஜன்னலுக்கு வந்தார். திறந்திருந்த கதவை இழுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவருடைய கை சாத்தியிருந்த மற்றக் கதவுக்குப் போனது. பெயின்ற் ஒட்டிப் பிடித்து, பூசிய நாளிலிருந்து திறக்காத கதவு அது. தள்ளினார், அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். அப்போதும் அசையவில்லை.

உள்ளறைத் திரை விலகியது. மாப்பிள்ளை வீட்டு ஆண் ஒருவர் உட்கார்ந்திருக்க வெளியே வரக்கூடாத நதீரா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடு அறையால் நடந்து வந்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. உம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் இரண்டு கைகளையும் வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். பெயின்ற் உரிந்து, கதவு வெளிச்சுவரில் மோதித் திறந்தது.