முறைத் தண்ணீர்ப் பட்டியலில் நான்கு வரிகள்

குற்றமற்ற ஒருவரின் வேலையைப் பறித்தவன் நான். ஆத்திரத்தில் அல்ல, ஆற அமர யோசித்து, ருசித்துச் செய்தேன்.

கிளிநொச்சியில் வாய்க்கால் நீரைப் பங்கிடும் அலுவலகமொன்றில் கணினிப் பொறுப்பாளராக இருந்தேன். எந்தக் காணிக்கு எந்த நாளில் தண்ணீர் என்ற முறைப் பட்டியலை, நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று ஞாயிறுதோறும் எட்டுக் கிராம நிலையங்களின் கணினிகளுக்கும் அனுப்பி, அங்கேயே அச்சடித்தும் விடும். பலகையில் ஒட்டிய அந்தத் தாளில் பெயர் இல்லையென்றால், வயல் வெடித்தாலும் வாய்க்கால் கதவு திறக்கமாட்டார்கள்.

உருத்திரபுரம் நிலையப் பொறுப்பாளர் என்னிலும் இருபது வயது இளையவர். ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஐயாவின்ர வேலையை மிஷின் செய்யுது. ஐயா கிழமை முழுக்கக் கதிரைக்குச் சூடு குடுக்கிறார்." பணிப்பாளரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஒரு வருடம் வளர்த்தேன்.

சிறுபோக விளைச்சலில், நெல் கதிரைச் சுமந்து தண்ணீருக்கு ஏங்கும் குடலைப் பருவத்துக்கு வரும்வரை காத்திருந்து, ஸ்கிரிப்டில் நான்கு வரிகள் சேர்த்தேன். அவருடைய கணினியில் மட்டும் வாய்க்காலின் கடைசிக் காணிகளின் பெயர்கள் விழுந்துபோயின. இரண்டு கிழமை. கடைக்காணிக்கார அம்மா ஒருவர் காய்ந்த நெற்பயிரைப் பிடுங்கி வந்து அவர் மேசையில் போட்டார்.

"கடைக்காணிக்குத் தண்ணி ஆகாயத்தாலயோ வாறது, தம்பி?"

"எனக்கு வந்த பட்டியல் இதுதான் அக்கா!"

விசாரணைக்கு முன்பே, என் கதிரையில் இருந்தபடி அவருடைய கணினியில் கிடந்த கோப்பைத் திருத்தி, என் ஸ்கிரிப்டிலிருந்து நான்கு வரிகளையும் அழித்தேன். தாள் பிழை, கோப்பு சரி. "நான் அனுப்பினது சரி. அங்க ஆர் கை வைச்சதோ" என்றேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்று மத்தியானம் இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஓய்வுபெற்றபின் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் அந்த அம்மாவைக் கண்டேன். "அவனுக்கு மண் அள்ளித் திட்டினனான் ஐயா. இப்ப நெல்லு வெட்டுற மிஷினோட கூலிக்குத் திரியிறான்" என்றார், அம்மனுக்கு வைத்த நேர்த்தி பலித்தவர்போல. எனக்கு விழவேண்டிய மண் அது.

அந்தப் பொறுப்பாளரின் வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நின்றேன்.

"வாயால வேண்டாம் ஐயா. எழுதித் தாங்கோ."

எழுதி ஒப்பமிட்டு, அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு விதைநெல் கொண்டுபோனேன், வாசல் படலை திறக்கவில்லை. மறுவிசாரணையில் பொறுப்பாளருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, என் பழைய கதிரையிலேயே.

முதல் கிழமையே அவர் என் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தார். பணிப்பாளர் தடுக்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் எட்டு நிலையங்களிலும் முறைப் பட்டியலுக்குப் பின்னால் என் ஒப்புதல் கடிதமும் அச்சாகிப் பலகைக்கு ஏறுகிறது.